முன்னறைக் கட்டில்

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினரை முகமலர்ந்து வரவேற்பதையும், அவர்க்கு உணவளித்து ஓம்புவதையும் பத்துக் குறள்களிற் கூறிய அப்பெருந்தகை, வந்தவர் இரவில் எவ்வாறு படுப்பர் என்பதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையும் பாயும் இல்லாத வீட்டை அவர் கண்டிருக்கமாட்டார் போலும். அது எத்துணைப் பெரிய காரியம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயார் எனக்கு உணர்த்தினார். வாயால் அன்று, மௌனத்தால்.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருப்பது இரண்டு படுக்கையறைகள் கொண்ட தொடர்மாடி வீடு. ஓர் அறை எங்களுக்கு. மற்றையது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு. ஆகவே, பகலில் ஆசனமாகவும் இரவிற் கட்டிலாகவும் பயன்படும் சோபாக் கட்டில் ஒன்றை வாங்கி முன்னறையிற் போட்டிருந்தோம். இருக்கையை உயர்த்தி இழுத்தால், மூன்றாக மடிந்து கிடக்கும் இரும்புச் சட்டம் மெத்தையோடு வெளியே நீளும். வந்து தங்கிய உறவினர் எல்லோரும் காலையில் "நல்ல நித்திரை" என்றே சொல்லிச் சென்றனர். நானும் நம்பினேன். ஒருநாளாவது அதில் நான் படுத்துப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து தாயார் வந்தது கண்ணில் வளர்ந்திருந்த புரையை அகற்றுவதற்கு. அப்போது அவருக்கு வயது 72. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. சில நாட்களுக்குத் தலையைத் தாழ்த்திக் குனியலாகாது, பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

அன்றிரவு இரண்டு மணியளவில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நான் திடுக்குற்றேன். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அம்மா வெறுந்தரையிற் சேலையொன்றை விரித்து, கண்ணிற் கட்டிய காப்புடன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கையூன்றிக் குனிந்து எழ முயன்றார். ஓடிச்சென்று தாங்கிக்கொண்டேன்.

"என்னம்மா இது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. மேலே ஒரே வெக்கை. நிலம் குளிர்மையாய் இருக்கு. நீ போய்ப் படு."

மின்விசிறியோ அக்கட்டிலுக்கு நேர்மேலே சுழன்றுகொண்டிருந்தது.

அவரை எங்கள் அறையில் மனைவியுடன் படுக்கச் செய்துவிட்டு, நான் முன்னறைக் கட்டிலில் சாய்ந்தேன். கால்மணி நேரத்தில் உண்மை விளங்கிற்று. மடித்து உள்ளே அடக்கவேண்டிய மெத்தையாதலால் அது நான்கங்குலத் தடிப்புக்கு மேல் இல்லை. அதன் கீழே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டம் சரியாக இடுப்பெலும்பின் கீழ் வந்து இடித்தது. புரண்டால் விரிப்பு சுருண்டது. எழவேண்டுமாயின் முழங்கால் உயரமுமில்லாத அக்கட்டிலிலிருந்து பிடிமானமின்றி எழவேண்டும். விடியுமட்டும் நான் கண்ணயரவில்லை.

காலையில் மனைவி மெல்ல விசாரித்து மேலும் இரண்டு செய்திகளை அறிந்து வந்தாள். சோபா வடக்குச் சுவரோரம் இருந்தமையால், விரித்த கட்டிலில் தலை வடக்கே அமைந்தது. அம்மா ஒருநாளும் வடக்கே தலைவைத்துப் படுத்தவரல்லர். மற்றையது, பிள்ளைகள் தொலைக்காட்சியை நிறுத்தி எழும்வரை அவர் படுக்கைக்குப் போக வழியில்லாதிருந்தது. முன்னறையிற் படுக்கும் விருந்தாளிக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை என்பதை நாங்கள் எண்ணியதேயில்லை.

ஒரு மாதம் தங்குவதாக வந்தவர் பத்தாம் நாளே, "வளவு கூட்ட ஆளில்லை" என்று இரவு ரயில் ஏறிவிட்டார். மகனைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டோமே என்ற மனவருத்தமே உண்மைக் காரணம் என்பதை நான் அறிவேன்.

மூன்று மாதங்களில் மற்றக் கண்ணுக்காக அவர் மீண்டும் வரவேண்டியிருந்தது. அதற்குள் நாங்கள் செய்தவை பெரிய செலவு பிடித்தவையல்ல. அரை அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகையை இரண்டு துண்டாக அறுப்பித்து, சட்டத்துக்கும் மெத்தைக்கும் இடையில் வைத்தோம். மெத்தை தாழ்ந்து சட்டத்தைத் தொடுவது அதனால் நின்றது. பகலில் அத்துண்டுகள் அலுமாரியின் பின்னால் மறைந்து நிற்கும். மெத்தையின் மேலே இரண்டங்குலத் தடிப்பில் இலவம்பஞ்சு மெத்தையொன்று தைப்பித்து, வெயிலிற் காயவைத்துப் போட்டோம். இருபுறமும் ஒரு முழம் மிகுதியாக உள்ள விரிப்பை வாங்கி, அடியில் இறுக்கிச் செருகினோம். சோபாவைத் தெற்குச் சுவருக்கு மாற்றினோம். நுளம்பு வலைக்கு மேலே ஒரு கொளுக்கி அடித்தோம். கையூன்றி எழுவதற்குப் பாரமான கதிரை ஒன்றும், அதன்மேல் தண்ணீர்ச் செம்பும் சிறு விளக்கும் கட்டிலருகே வைக்கப்பட்டன. ஒன்பது மணிக்கு முன்னறை அம்மாவுக்கே உரியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. யாவும் முடிந்தபின் நானும் மனைவியும் ஒவ்வோர் இரவு அதிற் படுத்துப் பார்த்தோம்.

அம்மா வந்தார். முதல்நாட் காலையில் ஆறரை மணியாகியும் அவர் எழவில்லை. ஊரில் நாலரைக்கு எழுபவர் அவர். தேநீருடன் சென்ற மனைவி வாசலிலேயே நின்று திரும்பிவிட்டாள். எழுந்ததும் மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"புதுக் கட்டிலோ தம்பி? ஏன் வீண்காசு?"

பழைய கட்டில்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், முன்பு அதிற் பட்ட துன்பத்தை நான் அறிந்துகொண்டேன் என்று வருந்துவார். இம்முறை மாதம் முழுவதும் எங்களோடிருந்தார்.

நேயர்களே, விருந்தாளி குறை சொல்லமாட்டார். அன்புடையவராயின் ஒருபோதும் சொல்லமாட்டார். ஆகவே, உங்கள் வீட்டிலும் இத்தகைய கட்டில் உண்டாயின், அடுத்த விருந்தாளி வருமுன் ஓரிரவு நீங்களே அதிற் படுத்தெழுங்கள். அவர் சொல்லாததை உங்கள் முதுகு சொல்லும்.