கவுண்ட் எவ்வளவு?

முத்தையாபுரம். திருச்செந்தூர் சாலையில் உப்பு லாரிகள் போகின்றன. சாலையை விட்டு உள்ளே ஓர் ஓட்டு வீடு. சுவரில் இரண்டு அட்டவணை. ஒன்று, உப்பு வியாபாரி கொடுத்த தினசரி காலண்டர்: ராகுகாலம், எமகண்டம், கரிநாள். மற்றது, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாள், பிளாஸ்டிக் உறைக்குள்: வாரம், மருந்து, அளவு, கையெழுத்து. முதலாவதை ஆச்சி தினமும் கிழிக்கிறாள். இரண்டாவதில் அம்மா டிக் போடுகிறாள்.

தை மாதம் இந்தத் தாள் இல்லை. காய்ச்சல் மட்டும். முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள்.

"எங்கெல விழுந்த?" அப்பா கேட்கிறார்.

ஆறு வயதுப் பையன் யோசிக்கிறான். விழுந்த இடங்கள் நிறைய.

ரத்தப் பரிசோதனைத் தாளின் அடியில் டாக்டர் மூன்று எழுத்து எழுதுகிறார்: ஏ.எல்.எல். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான். வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொல்லும்போது அது "ரத்தத்துல கிருமி" ஆகிறது. ஆச்சி திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்கிறாள்.

தூத்துக்குடி ரயில் நிலையம். சலுகைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து, முத்திரை. கவுண்டரில் இருப்பவர் படிவத்தைப் பார்க்கிறார். பையனைப் பார்க்கிறார். மறுபடி படிவத்தைப் பார்க்கிறார். படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்குக் கால்வாசி. வண்டியின் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல்.

எழும்பூர். குழந்தைகள் நல மருத்துவமனையும் எழும்பூரில்தான். ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்கிறார். அம்மா நடக்கிறாள். தோளில் பை. இடுப்பில் பையன். கால்கள் அவள் முழங்கால்வரை தொங்குகின்றன.

வார்டில் யாரும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "கவுண்ட் எவ்வளவு?" என்கிறார்கள். தருமபுரிக்காரி கேட்கிறாள். செய்யாறுக்காரி கேட்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா, ஒரே மாதத்தில் பிளேட்லெட், நியூட்ரோஃபில், ஹீமோகுளோபின் மூன்றையும் தாள் பார்க்காமல் சொல்கிறாள்.

ஊசி சிறியது. மருந்து நிறமற்றது. வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் 1963-இல் அனுமதி கிடைத்தது. தென்மாவட்டங்களில் அந்தச் செடியை ஏக்கர் கணக்கில் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கிறார்கள். முத்தையாபுரம் வீட்டில் அது குழாயடியில் தானாக முளைத்து நிற்கிறது. ஆடு கடிப்பதில்லை. சுடுகாட்டுப் பூ என்று ஆச்சி சாமி படத்துக்கு வைப்பதில்லை.

முதுகில் ஊசி போடும் நாள். "எறா மாதிரி சுருண்டு படு, ராஜா" என்கிறார் நர்ஸ். கடற்கரைப் பையன். உடனே புரிந்துகொள்கிறான். முட்டி நெஞ்சைத் தொடுகிறது. ஊசிக்குப் பிறகு மல்லாந்தே கிடக்க வேண்டும். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுகிறான். மூன்று. மறுபடி எண்ணுகிறான்.

பங்குனியில் தலையணை முழுக்க முடி. சீப்பு தேவையில்லாமல் போகிறது. ரயிலில் எதிர் இருக்கை அம்மாள் கேட்கிறாள்: "பழனியா, திருச்செந்தூரா?"

"திருச்செந்தூர்" என்கிறாள் அம்மா.

ஊரில் ஆச்சிதான் குழம்புகிறாள். நேர்ந்த முடி காணிக்கை ஆகுமுன்பே போய்விட்டது. "முளைக்கட்டும். முளைச்சதும் கொண்டு போவோம்."

ஸ்டெராய்டு வாரங்களில் நள்ளிரவு இரண்டு மணிக்கு இட்லி. மூன்று மணிக்கு மறுபடி இட்லி. முகம் உருண்டையாகிறது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். "பிள்ளை நல்லா தேறிட்டானே."

வாசற்படியில் சோப்பு. யார் வந்தாலும் படிக்கு வெளியேதான். உப்பளத்திலிருந்து அப்பா வருகிறார். காலில் உப்பு அரித்த வெடிப்பு. குழாயடியில் இரண்டு முறை கழுவுகிறார். அதன் பிறகே பையனைத் தொடுகிறார். கடைப் பண்டம் கூடாது. அக்கா மக்ரூனைத் தெருமுனையிலேயே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். பையன் அவள் வாயை முகர்ந்து பார்க்கிறான்.

அலமாரியில் காப்பீட்டு அட்டை. முதலமைச்சர் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அதற்குக் கீழே அடகுக்கடை ரசீது. அட்டை, மருத்துவமனைச் செலவுக்கு. ரசீது, எழும்பூர் அறை வாடகைக்கும் அப்பா அளத்துக்குப் போகாத நாட்களுக்கும். கம்மல் இருந்த துளையில் அம்மா வேப்பங்குச்சி செருகியிருக்கிறாள்.

தெர்மாமீட்டர் சாமி படத்தின் பின்னால் இருக்கிறது. ராத்திரி மூன்று முறை அக்குளில் வைக்கிறாள். 99. 98.6. 99.2. 100.4 காட்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அதற்கென்று ஒரு பை, வாசல் ஆணியில், எப்போதும் கட்டியபடியே தொங்குகிறது. சித்திரையில் ஒருமுறை அவிழ்கிறது. வைகாசியில் இரண்டு முறை.

புரட்டாசி. கடினமான கட்டம் முடிந்துவிட்டது என்கிறார்கள். தாளில் கட்டங்கள் அகலமாகின்றன. இனி ஊசி குறைவு, மாத்திரை அதிகம். இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல். அம்மா கையில் பாலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, பிளேடால் மாத்திரையைப் பாதியாக்குகிறாள். ஒரு நாள் முழுசு, மறுநாள் பாதி. படுக்கும் நேரத்தில். பாலோடு கூடாது.

வியாழக்கிழமை மட்டும் கூடவே மஞ்சள் மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட். அது உருவான அமெரிக்க ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் இறந்தார். 1995-இல் தபால்தலை வெளியிட்டார்கள். அட்டைப்பட்டையில் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் இருக்கின்றன.

தலையில் முடி விரல் நக அளவு. ஆச்சி தடவிப் பார்க்கிறாள். கூட்டத்துக்குப் போக இன்னும் அனுமதி இல்லை. முருகன் கணக்கு நிலுவையில் இருக்கிறது.

பையன் சாக்கட்டியால் வாசலில் கட்டம் போடுகிறான். பாதம் சரியாகத் தூக்கவில்லை. செருப்பு தரையை உரசுகிறது. கோட்டை மிதித்துவிடுகிறான். அக்கா பார்க்காத மாதிரி இருக்கிறாள்.

அப்பா வானத்தைப் பார்க்கிறார். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியில் உப்பு விளையாது. வேலை நிற்கும். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளிக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. முதுகு ஊசிக்கு அடுத்த தேதி மார்கழியில்.