இஸ்பேட் ஏஸ் தாத்தா

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? அடுத்த போகி வருவதற்குள் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அகலத்தில், படம் தைத்த துணித்துண்டு கிடைத்தால் நெருப்பில் போட்டுவிடாதீர்கள். ராணுவச் சட்டையின் தோளில் இருந்த பேட்ச்சாக இருக்கலாம்.

சிலருக்குத் தபால்தலை, சிலருக்கு நாணயம். எனக்கு இந்தத் துணித்துண்டு. 'இதுக்குப் போயா காசு?' என்று வீட்டில் கேட்காத நாளில்லை. விஷயம் இதுதான். இரண்டாம் உலகப்போரில் எந்தப் படை எங்கே நகர்கிறது என்பது ரகசியம். அதனால் டிவிஷன் பெயரை எழுதாமல் படம் போட்டார்கள். 4-வது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 5-வதுக்குச் சிவப்பு வட்டம், 17-வதுக்குக் கறுப்புப் பூனை, 19-வதுக்குக் குத்துவாள் பிடித்த கை. பர்மாவை மீட்ட 14-வது ஆர்மியின் பேட்ச்சில் வாள் தலைகீழாக இருக்கும். வடக்கிலிருந்து கீழே இறங்கித்தானே பர்மாவைப் பிடிக்க வேண்டும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர், என் பைத்தியம் தெரிந்து, ஒருநாள் டீக்கடையில் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பச்சைத் துணியில் கறுப்பு இஸ்பேட்.

"எங்க தாத்தாவோடது சார். பட்டாளத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு நாலு வருஷம் எங்கேயோ சீட்டாடிட்டுத் திரிஞ்சார்னு பாட்டி சொல்லும். அதுக்கு இதுதான் சாட்சியாம். நீங்களே வெச்சுக்குங்க..."

திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வெளுத்திருந்தது, பின்பக்கம் பச்சை அப்படியே இருந்தது. ஓரத்தில் பிரித்த தையலின் ஓட்டைகள். பக்கத்துக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டினோம். இந்தக் காலத்து நூல் என்றால் பெரும்பாலும் பளீரென்று மின்னும். இது மின்னவில்லை. (இப்போதைய சோப்புப் பவுடரில் துவைத்திருந்தால் பழசும் மின்னும், ஜாக்கிரதை!)

அது 25-வது இந்திய டிவிஷனின் சின்னம். ஜப்பான்காரன் தென்னிந்தியாவில் இறங்கிவிடுவான் என்ற பயத்தில் 1942 ஏப்ரலில் மெட்ராஸே காலியானது. அந்த வருஷம் ஆகஸ்டில் பெங்களூரில் உருவான படை இது. பிறகு பர்மாவின் அரக்கான் கரைக்குப் போனது. 1945-ல் அங்கே காங்காவில் நடந்த கடும் சண்டையில் மூன்று பட்டாலியன்களை நடத்தியவர்கள் மூன்று இந்திய அதிகாரிகள். அவர்களில் ஒருவர், பின்னாளில் தரைப்படைத் தளபதியான திம்மையா.

இதையெல்லாம் சொன்னேன். பேட்ச் மட்டும் முழுக்கதையும் சொல்லாது, டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால்தான் தாத்தா எந்த ரெஜிமென்ட், எங்கே நின்றார் என்பது உறுதியாகும் என்பதையும் சொன்னேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ ஆறிப்போனது.

"அப்பாவும் கடைசி வரைக்கும் அவரை சூதாடின்னு நெனச்சிட்டே போயிட்டார் சார்" என்றவர், துண்டை வாங்கி மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டார். "அத்தை இருக்காங்க. அவங்ககிட்டயாவது காட்டணும்."

என் ஆல்பத்தில் இன்றுவரை இஸ்பேட் ஏஸ் இல்லை. இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கிடைத்தால் துவைக்காதீர்கள். சட்டையோடு இருந்தால் பிரிக்காதீர்கள். முக்கியமாக, அது யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம் போனார், எப்போது திரும்பினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். துணி எண்பது வருஷம் தாங்கிவிடுகிறது. பெயர்தான் இரண்டே தலைமுறையில் போய்விடுகிறது.