முற்றத்துக் கல்

ராஜபாளையம்னா உங்களுக்கு நாய் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. அடுத்த முறை போனால் மெயின் ரோட்டை விட்டுவிட்டுப் பழைய தெருக்களில் கொஞ்சம் நடங்கள். திண்ணை வைத்த வீடு ஏதாவது மிச்சமிருந்தால், அதில் கல் எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கால் தேய்கிற வாசல்படி கல். மழை வந்து விழுகிற முற்றத்து ஓரம் கல். மரத்தூணுக்கு அடியிலும் ஒரு கல். தூணை நேரே தரையில் நட்டால் ஈரம் ஏறும், பின்னாலேயே கறையான் வரும். மற்றதெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, மரம். அழகுக்காக வைத்த கல் என்று நினைத்தீர்களா? கொத்தனார் கணக்கு சார் அது! முற்றம் மட்டும் சும்மாவா? சித்திரை வெயிலில் வீட்டுக்குள் சேரும் சூடு வெளியேற வழியே அதுதான்.

எங்கள் பெரியப்பா வீட்டில் பாகம் பிரித்தபோது முற்றத்துக்கு நடுவே சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். இப்போது ரெண்டு பக்கமும் பகலிலேயே டியூப்லைட்.

1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் அப்படி வந்ததுதான். எல்லாராலும் அது முடியாது, சரி. முற்றத்தையாவது பொதுவில் விட்டிருக்கலாமே?

"அந்தக் கல்லையெல்லாம் என்ன பண்ணீங்க பெரியம்மா?"

"பின்னாடி துணி துவைக்கப் போட்டிருக்குடா. நல்ல கல்லு."