தகரப்பெட்டியும் உலக சரித்திரமும்

உலக சரித்திரம் என்றதும் நம் மாணாக்கருட் பெரும்பாலோருக்கு நினைவில் வருவன பரீட்சையும், அதற்காக நெட்டுருப் பண்ணவேண்டிய ஆண்டுகளுமேயாம். 1776, 1789, 1917 என்று பிசகின்றி ஒப்புவிப்பார்கள். 1789ஆம் ஆண்டில் பாரிஸ் மக்கள் பாஸ்தீல் சிறையை உடைத்தபோது உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர் என்று சொல்லிப் பாருங்கள்; "அது பரீட்சைக்கு வருமோ, சேர்?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிற் சரித்திரம் கற்பித்து வருகின்ற நான் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஆகையால், புத்தூரிலே எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையின் சரித்திர ஆசிரியை சென்ற ஆண்டு வந்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் உலக சரித்திரத்தில் ஆளுக்கொரு விஷயத்தை ஆராய்ந்து சபை முன்னே பேசப் போகிறார்கள், தாங்கள் மத்தியஸ்தர்களுள் ஒருவராக அமரவேண்டும் என்று கேட்டபோது எனக்குப் பெரிய உற்சாகம் உண்டாகவில்லை. இக்காலத்தில் ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பது பெற்றோர் அறியாததன்று. கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டினாற் பத்துப் பக்கம் வந்து விழுகின்றது. அதை அச்சடித்து, அழகான மட்டை போட்டு, மேலே பிள்ளையின் பெயரை எழுதிவிட்டால் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது. பிள்ளை அதனை ஒரு தடவையாவது வாசித்ததா என்று கேட்பவர் இல்லை.

ஆனால் அந்த ஆசிரியை ஒரு நிபந்தனை விதித்திருந்தார். எந்த விஷயத்தை எடுத்தாலும் அதற்கும் புத்தூருக்கும் உள்ள தொடர்பைக் காட்டவேண்டும். அதற்கு ஒரு சாட்சியமும் கொண்டுவரவேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு உறக்கம் கலைந்தது போலாயிற்று. நம் பகுதியிற் சாட்சியம் தேடுவது இலேசான காரியமா? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டு உறுதி, சாதகம், கலியாணப் படம் என்பவற்றிற் கையில் அகப்பட்டது மாத்திரமே பிழைத்தது. திரும்பி வந்தவர்களிற் பலர் அலுமாரியைக் கண்டார்கள். அதனுள் இருந்தவற்றைக் காணவில்லை.

இருந்தும் பிள்ளைகள் தேடிவிட்டார்கள். ஒருவன் ஒடியற்கூழை எடுத்துக்கொண்டான். ஒடியல் நம்முடையது, மிளகாயும் மரவள்ளியும் கொலம்பஸ் 1492ஆம் ஆண்டு கடல் கடந்த பின்னரே அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றத் தொடங்கியவை, புளியோ ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது என்று அவன் ஒவ்வொன்றாய் எடுத்துவைக்கச் சபையிலே சிரிப்பு எழுந்தது. எங்கள் செம்பாட்டு மண்ணிற் செழித்த புகையிலைக்கும் அமெரிக்காவே தாய்நாடு என்று முடித்தான். வேறொருவன் நிலாவரைக் கிணற்றைப் பற்றி எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்திருந்தான். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதை அக்காலத்திலேயே குறித்திருக்கிறார்கள். மட்டை போட்ட பிரெஞ்சுப் புரட்சிகளும் இரண்டு வந்தன. அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒரு பெண்பிள்ளையின் பேச்சைப் பற்றி. இரண்டாம் உலக மகாயுத்தம் என்பது அவளுடைய விஷயம். மேசைமேல் துருப்பிடித்த ஒரு தகரப்பெட்டியை வைத்தாள். அதற்குள்ளே வாழைமரம் அச்சிட்ட பத்து டொலர்த் தாள்கள் ஒரு கட்டு, பழைய கடிதம் ஒன்று, அவ்வளவுதான். அது அவளுடைய பூட்டியின் பெட்டி. தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கிழவியை வீட்டில் எல்லோரும் ஆச்சி என்றே அழைக்கிறார்கள். 1995இல் ஆச்சி கையிலெடுத்துச் சென்றது அந்தப் பெட்டியைத்தானாம்.

ஆச்சியின் தகப்பனார் மலாயாவிற் புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்தவர். இது யாழ்ப்பாணத்திற் புதுமையான சங்கதியன்று. மலாயாவின் முதற் புகையிரதப் பாதையாகிய தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அதை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட வேலைப்படையினர். அதன் பின்னர், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற நம்மவர்கள் இலிகிதராயும் நிலைய அதிபராயும் கப்பலேறினார்கள். "மலாயன் பென்சனியர்" கட்டிய கல்வீடு இல்லாத கிராமம் இங்கே அரிது.

கடிதத்தின் திகதி 1941 மார்கழி 20. "அடுத்த மாதம் காசு அனுப்புகிறேன்" என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்குப் பின் நான்கு ஆண்டுகளாகக் காசுமில்லை, கடிதமுமில்லை. ஆச்சிக்கு அப்போது வயது ஏழு. கிணற்றடியில் உறவுக்காரி ஒருத்தி, "யுத்தம் என்பதெல்லாம் ஒரு சாட்டு, உன் கொப்பர் அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டார்" என்று சொல்லிவிட்டாளாம். 1944இல் தாயார் காலமானார். தகப்பனார் 1947இல் உபகாரச் சம்பளத்துடன் திரும்பி வந்து, இந்தத் தாள்களை மேசைமேல் வைத்து, "இதுதான் நான் சேர்த்து வைத்த காசு" என்றாராம். அந்தத் தாளுக்கு ஒரு சுருட்டும் வாங்கமுடியாது என்று அயலவர்கள் சிரித்தார்கள். ஆச்சி தகப்பனாருடன் மனம்விட்டுப் பேசியதே இல்லை. அவர் இறக்கும்வரை பேசவில்லை.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை நிதானமாகச் சொல்லிவிட்டுச் சுவரில் ஒரு படத்தை மாட்டினாள். யப்பானியர் கோத்தாபாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. கோலாலம்பூர் வீழ்ந்தது 1942 ஜனவரி 11. சிங்கப்பூர் சரணடைந்தது பெப்ரவரி 15. அன்று தொடக்கம் 1945 செப்டெம்பர் வரை மலாயா முழுவதும் யப்பானியர் வசம் இருந்தது. இலங்கையோ பிரித்தானியர் வசம் இருந்தது. பகை நாடுகளிடையே தபாற் கப்பல் ஓடுமா? மணிக்கூடுகளையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த ஆட்சி அது. வாழைமரத் தாள்களை யப்பானியர் வேண்டிய மட்டும் அச்சடித்துத் தள்ளினார்கள். பின்னாளில் வந்த தாள்களில் இலக்கமே இல்லை. மலாயாவைக் குறிக்கும் எம் என்ற எழுத்துடன் வேறோர் எழுத்து மாத்திரம் இருக்கும். யுத்தம் முடிந்து பிரித்தானியர் திரும்பியதும் அவையெல்லாம் வெறுங் கடதாசியாயின. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் இட்டிருக்கும் பழைய பத்திரிகைகளைப் பார்த்து இத்திகதிகளைச் சரிபார்த்ததாகச் சொன்னாள்.

இதே யுத்தம் இங்கும் வந்ததை அவள் மறக்கவில்லை. 1942 ஏப்ரில் 5இல் கொழும்பிலும், 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நமக்கு அயலிலுள்ள பலாலி விமானத்தளம் அந்த யுத்தத்துக்காகவே அமைக்கப்பட்டது. பர்மா அரிசி நின்றுபோகவே பங்கீடு வந்தது. இங்கே ஆச்சியும், அங்கே தகப்பனாரும் ஒரே காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றிருப்பார்கள் என்றபோது கூழ் ஆராய்ந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பின்பு அவள் சொன்னதுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. இலிகிதர்களின் கஷ்டத்தை மட்டும் சொன்னாற் கதை அரைவாசிதான் என்றாள். யப்பானியர் சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். அதில் 60,000க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகளும், 1,80,000க்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளரும் வேலை வாங்கப்பட்டார்கள். அத்தொழிலாளரில் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் மிகப் பலர். இறந்த கைதிகளுக்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அத்தமிழருள் அநேகருக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. "எங்கள் வீட்டில் ஒரு பெட்டியாவது இருந்தது" என்றாள்.

சபையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "இது குடும்பக் கதையல்லவா? உலக சரித்திரம் எங்கே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே, குடும்பக் கதைகளிற் பாதி புளுகு. ஆனால் எல்லா மகாயுத்தங்களும் கடைசியில் யாரோ ஒருவருடைய அடுப்படியிலேதான் வந்து முடிகின்றன என்பது என் அபிப்பிராயம். நான் வாய் திறப்பதற்கு முன்னரே ஆசிரியை வேறொரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் உன் பூட்டியின் தகப்பனார் வேறு குடும்பம் வைக்கவில்லை என்று நிரூபித்துவிட்டாயோ?"

"இல்லை, ரீச்சர்," என்றாள் பிள்ளை. "கடிதம் ஏன் வரவில்லை என்பதற்குத்தான் சாட்சியம் இருக்கிறது. யுத்தம் சாட்டு அல்ல என்று சொல்லலாம். மற்றதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தத் தாள்கள் அவர் காசு சேர்த்தார் என்பதைக் காட்டும். யாருக்காக என்பதைக் காட்டாது."

பட்டதாரி மாணவர் பலரிடம் நான் கேட்டுக் கிடைக்காத விடை அது. என் புள்ளிகளில் முதலிடம் அவளுக்கே கொடுத்தேன். மற்ற மத்தியஸ்தர் இருவரும் ஒடியற்கூழுக்குக் கொடுத்தபடியால் பரிசு அந்தப் பையனுக்குப் போயிற்று. அவனும் அதற்குத் தகுதியானவனே.

தேநீர் வேளையில், இதையெல்லாம் ஆச்சி அறிவாரோ என்று அவளைக் கேட்டேன். முதல்நாள் இரவு முழுவதையும் வாசித்துக் காட்டினாளாம். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். கடிதத்தின் திகதியையும் கோலாலம்பூர் வீழ்ந்த திகதியையும் மறுபடி வாசிக்கச் சொல்லி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம்.

"இருபத்திரண்டு நாள்," என்றாராம். பிறகு நெடுநேரம் பேசவில்லை. படுக்கப் போகும்போது மாத்திரம், "நாளைக்கு எல்லாருக்கும் காட்டிப்போட்டு அந்தக் காசைக் கவனமாய்த் திருப்பிக் கொண்டு வா, பிள்ளை. ஒரு தாளும் குறையக்கூடாது," என்றாராம்.