எங்கிருந்து ஓடுவது?

வெஸ் ஆண்டர்சனின் ‘மூன்ரைஸ் கிங்டம்’ (2012), 12 வயதுச் சிறுவனும் சிறுமியும் ஓடிப்போகும் கதை. காலம் 1965, இடம் நியூ இங்கிலாந்துக் கரையருகே ஒரு கற்பனைத் தீவு. பொம்மை வீட்டின் ஒரு சுவரைக் கழற்றிக் காட்டியதைப் போன்ற அறைகள், மஞ்சள் தோய்ந்த ஒளி, பெஞ்சமின் பிரிட்டனின் இசை. இந்த அழகையே குற்றமாக்கி, படத்தை வெறும் மிட்டாய் என்று ஒதுக்குவோர் உண்டு. சூஸியும் சாமும் கடலோரத்தில் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

சூஸியின் பெட்டி நிறைய நூலகத்திலிருந்து திருடிய கதைப் புத்தகங்கள். (அத்தனையும் படத்துக்காகவே புனையப்பட்டவை.) தான் அநாதையாக இருந்திருக்கலாமே என ஏங்கியதுண்டு என்கிறாள் அவள். அவளுக்குப் பிடித்த கதைமாந்தர் பலரும் அநாதைகள். அவர்கள் வாழ்வே தனிச்சிறப்புடையது என்பது அவள் எண்ணம். எதிரில் இருக்கும் சாம் உண்மையிலேயே அநாதை. அவளை நேசிப்பதாகச் சொல்லும் அதே மூச்சில், என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்றும் சொல்லிவிடுகிறான். குரல் சிறிதும் உயர்வதில்லை. ‘ஆனால்’ என்னும் சொல் பெரும்பாலும் தனக்கு முன் வந்ததை அழித்துவிடும். இங்கோ இரு பாதிகளும் அப்படியே நிற்கின்றன.

‘ஓடிப்போ’ என்னும் வினை ஐந்தாம் வேற்றுமையை நாடி நிற்பது. எங்கிருந்து என்பது அதற்கு வேண்டும். சூஸிக்கு அது இருக்கிறது: வழக்கறிஞர்களான பெற்றோர், மூன்று தம்பியர், வீட்டுக்குள்ளேயே ஒலிபெருக்கிக் குழலில் கூப்பிடும் தாய். மிகவும் சிக்கலான குழந்தையைச் சமாளிப்பது பற்றிய கையேடு ஒன்று அவளுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடைக்கிறது. அவள் சினம் முற்றிலும் நியாயமானது. என்றாலும், சினந்து வெளியேற அவளுக்கு ஒரு வீடு உண்டு. சாம் ஓடியதோ சாரணர் முகாமிலிருந்து. காவல் அதிகாரி ஷார்ப் தொலைபேசியில் அழைக்கும்போது, அவனை இனி ஏற்க இயலாது என்று கைவிரிக்கிறார் வளர்ப்புத் தந்தை. கிடைத்தால் எங்கே ஒப்படைப்பது என்று அறியாமலேயே ஒரு தீவு முழுவதும் ஒரு சிறுவனைத் தேடுகிறது.

பிறகு நீல உடையில் டில்டா ஸ்விண்டன் வருகிறார். அவருடைய பாத்திரத்துக்குப் பெயரே இல்லை. ‘சோஷியல் சர்வீசஸ்’ என்று துறையின் பெயரையே சூடிக்கொள்கிறார். சிறார் காப்பகம், மின்னதிர்ச்சிச் சிகிச்சை என்று அவர் அடுக்குவது நகைச்சுவையின் தொனியில்தான். சாமுக்கு அவை வெறும் சொற்கள் அல்ல.

அவனைக் கடைசியில் ஏற்றுக்கொள்பவர் ஷார்ப். துணையின்றி வாழ்பவர், சூஸியின் தாயோடு இரகசிய உறவு கொண்டிருந்தவர். இலட்சியத் தந்தை என்று சொல்லிவிட முடியாது. இறுதிக் காட்சியில் சூஸியின் வீட்டு மாடியில் அந்தக் கடற்கரையை ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறான் சாம். கீழிருந்து உணவுக்கு அழைப்பு வருகிறது. நாளை வருவதாகச் சொல்லிவிட்டு, ஷார்ப்பினுடையதைப் போன்ற சிறு சீருடையோடு சன்னல் வழியே இறங்கி, தனக்காகக் காத்திருக்கும் காவல் வண்டியை நோக்கிப் போகிறான்.