ஐந்நதி நாட்டில் ஆழ்ந்துபோன நீர்

தில்லியிலிருந்து வடக்கே பெருஞ்சாலை வழியே செல்வோர்க்குப் பானிப்பட்டும் குருக்ஷேத்திரமும் பழைய போர்களை நினைவூட்டும். ஆயினும், ஆனி மாதத்தில் அவ்வழியே லூதியானா வரை சென்ற நமக்குக் கண்ணில் நிறைந்தவை நெல்வயல்களே. சாலையின் இருமருங்கிலும் தேங்கிய நீரில் நாற்று நடுவதைக் கண்டதும், தஞ்சைத் தரணிக்கே வந்துவிட்டோமோ என்று மயங்கினோம்.

மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகவில்லை. தஞ்சை வயல்களைக் காவிரி வாய்க்கால்கள் நனைக்கின்றன. இங்கோ, பெயர் ஐந்நதி நாடாயினும், பெரும்பாலான வயல்களுக்கு ஆழ்குழாய்க் கிணறுகளே கதி. லூதியானாவுக்கு அருகே முதிய சர்தார்ஜி ஒருவர் தம் வயலோரத்தில் செங்கல் கட்டிய வெறுங்குழி ஒன்றைக் காட்டினார்.

"இதற்குள்தான் முன்பு பம்பு இருந்தது, பாபுஜி. நீர் இறங்க இறங்கக் குழியை ஆழப்படுத்தினோம். பிறகு குழியே பயனற்றுப் போயிற்று" என்றார்.

உறிஞ்சும் பம்பு ஏறத்தாழ 7, 8 மீட்டருக்குக் கீழிருந்து நீரைத் தூக்க மாட்டாது. ஆதலின் முதலில் பம்பைக் குழிக்குள் இறக்கினர். நீர் அதற்கும் கீழே போகவே, நீரில் மூழ்கி இயங்கும் சப்மெர்சிபிள் பம்பு வந்தது. ஆழம் இருமடங்கானால் நீரை மேலேற்றும் மின்சாரமும் ஏறக்குறைய இருமடங்காகும். ஆனால் 1997-இல் உழவர்க்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டபின், அச்செலவு பம்பை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது போயிற்று.

இதனை முன்னரே உணர்ந்தவர் நம்மவர் ஒருவர். பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், நிலத்தடி நீரை அறிவியல் முறையின்றி எடுத்தால் கேடு விளையும் என்று 1968-லேயே எச்சரித்தார்.

பழியை உழவர்மேல் சுமத்துவது நியாயமன்று. பஞ்சாபியர் உண்பது பெரும்பாலும் ரொட்டி. அரசு ஆதரவு விலை தந்து கொள்முதல் செய்வதனாலேயே அவர்கள் நெல் பயிரிடுகின்றனர். அவ்வரிசி பிற மாநிலங்களின் நியாயவிலைக் கடைகளுக்குச் செல்கிறது. ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் என்பது அறிஞர் கணக்கு. எனவே அரிசி மூட்டையோடு அவர்களுடைய நிலத்தடி நீரும் இரயிலேறுகிறது.

கடுங்கோடையில் நடும் வழக்கத்தைத் தடுக்க, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாதென 2009-இல் சட்டம் பிறந்தது. அந்நாள் பின்னர்ப் பலமுறை மாற்றப்பட்டது. நீருக்கு நன்மை விளைந்தது. ஆனால் அறுவடை பிந்தியது. கோதுமை விதைக்க அவகாசம் குறையவே, வைக்கோலுக்குத் தீயிடுவது மிகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தில்லிவாழ் தமிழர் மூச்சுத் திணறுவதில் அப்புகைக்கும் பங்குண்டு.

இவ்விரண்டு சிக்கலையும் ஒருங்கே தளர்த்தும் வழியும் உண்டு. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 என்னும் நெல், நட்ட ஏறத்தாழ 93 நாளில் முற்றுகிறது. நட்ட முதல் இரு வாரம் நீரைத் தேக்கினால் போதும். பின்னர், நின்ற நீர் வற்றி இரண்டு நாள் கழித்தே பாய்ச்சலாம் என்றும் அப்பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் உழவர்க்கு 4 ரூபாய் அளிக்கும் திட்டமும் 2018-இல் சோதனையாகத் தொடங்கப்பெற்றது.

பருவமோ பழைய ஒழுங்கில் இல்லை. 2022 மார்ச்சில் அனல் கோதுமையை வாட்டியது. 2023 ஜூலையில் வெள்ளம் நாற்றை அழித்தது. வெயில் ஏறினால் பயிரின் தாகமும் ஏறும். ஒரே மூச்சில் கொட்டும் மழை நிலத்துக்குள் இறங்காமல் ஓடிவிடும். அத்தகைய ஆண்டுகளில் கைகொடுக்க வேண்டிய சேமிப்பே நிலத்தடி நீர். அதனை நல்ல ஆண்டுகளிலேயே செலவழித்துவிட்டால் அல்லாத ஆண்டில் எதைக் கொண்டு பயிர் காப்பது?

அரிசியின்றி நமக்கு உணவில்லை. ஆயினும் வாரத்தில் இரண்டொரு வேளை கம்பும் கேழ்வரகும் நம் இல்லங்களில் இடம்பெறுமாயின் அது புதுமையன்று; பாட்டிமார் அறிந்த உணவே. நீர் குறைவாக வேண்டும் அப்பயிர்களுக்கு வாங்குவோர் பெருகினால்தான், அவற்றை விதைக்க உழவர்க்கும் துணிவு பிறக்கும்.