கொச்சியும் குறுஞ்செய்தியும்

கொழும்பில் மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்று பெயர். கொச்சிக்கடையோ அந்தோனியார் கோயிலடி. கொச்சிக்காரரின் மலையாளத்திலும் காரமான சரக்கொன்று உண்டு: 'கம்பிக்கத' எனும் ஆபாசக் கதை. பட்டன் போன் காலத்தில் அது ஆங்கில எழுத்தில் வாசிக்கப்பட்டது. மானத்தை மறைக்கப் போட்ட வேஷம் என்பார்கள், எனக்கு ஒப்பவில்லை. ஏபிசிடி தெரிந்த அண்ணன் எட்டிப் பார்த்தால் அந்தத் திரை எம்மட்டு? காரணம் போனுக்குள் இருந்தது. எழுத்துரு இல்லாத போனில் மலையாளம் வெறும் கட்டங்கள்தான். மலையாள 'அவன்' என்பதன் கடைசி எழுத்தான சில்லு யூனிகோடில் தனியிடம் பெற்றதே 2008இல். நம்முடைய எஸ்எம்எஸ் ஆங்கில எழுத்துக்கு மாறியதற்கும் இப்படியொரு காரணம்: ஒரு செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 இடம், தமிழென்றால் 70. 'கொ' ஒன்றே இரண்டு இடம் பிடிக்கும், 'கொச்சிக்கடை' பதினொன்று. இடைவெளி விட்டு எழுதினால் ஆறாவது கொச்சிக்கடைக்கு இடம் போதாது, அடுத்த செய்திக்குக் காசு வெட்டும்!

ஆங்கில எழுத்தில் எழுதியதால் மொழி கெட்டுப்போனது என்போர் 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் வேதச் சிறுநூலைப் பார்க்கலாம். தமிழ் முழுக்க ரோமன் எழுத்தில்தான். இலங்கை முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதியதும் பழைய கதை. இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆங்கில எழுத்தில் மரமும் மறமும் ஒன்றாகிவிடுகின்றன, மனமும் மணமும் அப்படியே. ஆனால் பேச்சு மொழி கூச்சமின்றி எழுத்துக்குள் வந்தது, பிழையென்று திருத்த எந்த வாத்தியாரும் இல்லாததால். போன் திருந்திய பிறகும் ஏன் அப்படியே எழுதுகிறோம் என்று கேட்டால், அது விரலின் சோம்பல். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.